ஆச்சியின் பட்டன் ஃபோனில் ஏன் ஆப் கிடைப்பதில்லை?

போன ஆடி மாதம் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு ஆர்டர் எடுக்கிற வலைப்பக்கம் ஒன்று செய்துகொடுத்தேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று வரிசையாகப் படம், எத்தனை கிலோ என்று தட்டினால் தொகையைக் கூட்டிக் காட்டும், கீழே பெயரும் ஊரும் எழுத ஒரு கட்டம், அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என் ஃபோனில் பார்த்தேன், கடைக்காரர் ஃபோனில் பார்த்தோம், அவர் மகளின் ஐஃபோனில் பார்த்தோம், எல்லாவற்றிலும் ஜோராகத் திறந்தது. வேலை முடிந்த சந்தோஷத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் லிங்க்கை அனுப்பினேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆச்சிக்கு மட்டும் எஸ்எம்எஸ்ஸில் போட்டேன், அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். மறுநாள் காலையில் அவர் வீட்டைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, கடை தொறந்தாச்சுன்னு சொன்னியே, வெள்ளையடிச்சு மட்டும்தான வச்சிருக்கே. சரக்கு ஒண்ணையும் காணோமே!"

வாங்கிப் பார்த்தால் நிஜமாகவே வெள்ளைத் திரை. இரண்டரை அங்குலம்கூட இல்லாத அந்தத் திரையில், அம்புக்குறி பட்டனை அழுத்தி அழுத்தி நகர்த்துகிற சின்ன முள் ஒன்று மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஆச்சி அதோடு விடவில்லை, பேங்க் ஆப்பும் இதில் வரமாட்டேன் என்கிறது, பேரன் சொன்ன ரயில் டிக்கெட் ஆப்பும் வரமாட்டேன் என்கிறது, இது ஃபோனா இல்லை வெறும் டப்பாவா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஃபோனில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரி மூன்று நாள் நிற்கிறது, 4ஜி சிக்னல் வருகிறது, பேச்சு தெளிவாகக் கேட்கிறது. அப்புறம் ஏன் இதற்கு மட்டும் எதுவும் கிடைப்பதில்லை?

அதை அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்லிப் பார்க்கிறேன்.

முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருப்பீர்கள், பழைய வீடுகளைப் பிரித்த சாமான்களை விற்கிற கடைகள் இருக்கிற தெரு. தூண், கண்ணாடி, எனாமல் ஏனம், அப்புறம் பர்மாத் தேக்குக் கதவுகள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கி ஒரு கதவை வாங்கிப் போவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரியும், கதவு அந்த வீட்டு வாசல் நிலையில், அதாவது கதவு மாட்டும் சட்டத்தில், உட்காராது. உயரம் சேராது, அகலம் சேராது. அளவு சேர்ந்தாலும், பழைய கதவு குடுமியில் சுழல்வது, மேலேயும் கீழேயும் அதற்குக் குழி வேண்டும், அடுக்குமாடி வீட்டு நிலையில் கீல் மாட்டத்தான் இடம் இருக்கும். ஆசாரியைக் கூப்பிட்டு ஒன்று கதவை அறுக்க வேண்டும், இல்லை நிலையைப் பெயர்க்க வேண்டும்.

ஆப் என்பது கதவு. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், கைஓஎஸ் என்கிறோமே, அந்த இயங்குதளம்தான் நிலை. ஒரு ஆப்புக்குப் படம் எடுக்க வேண்டுமென்றால் அது கேமராவை நேராகத் தொடாது, இயங்குதளத்திடம் "கேமராவைத் திற" என்று கேட்கும். இடம் எங்கே என்று தெரிய வேண்டுமா, கேட்கும். திரையில் ஒரு பட்டன் வரைய வேண்டுமா, அதையும் கேட்கும். எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது, குடுமிக்குக் குழி மாதிரி, இதைத்தான் மென்பொருள்காரர்கள் ஏபிஐ என்கிறார்கள். எழுதுகிற மொழியே மாறிவிடும்: ஆண்ட்ராய்டுக்கு ஜாவாவோ கோட்லினோ, ஐஃபோனுக்கு ஸ்விஃப்ட், அந்தக் கால விண்டோஸ் ஃபோனுக்கு சி ஷார்ப், ஆச்சி வைத்திருக்கும் கைஓஎஸ்ஸுக்கு ஜாவாஸ்கிரிப்ட். ஆகவே ஆண்ட்ராய்டுக்குச் செய்த ஆப்பை அப்படியே கொண்டுபோய் வேறு ஃபோனில் போட முடியாது. இன்னொரு கதவு செய்ய வேண்டும்.

அந்த இன்னொரு கதவை யார் செய்வார்கள் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

நம் நாட்டில் நூறு ஸ்மார்ட்ஃபோனை எடுத்தால் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு, மிச்சத்தில் பெரும்பகுதி ஐஃபோன். ஒரு பேங்க்கை ஆப் செய்யச் சொன்னால் இந்த இரண்டுக்கும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளும், ஏனென்றால் செலவு ஒரு தடவையோடு முடிகிற செலவு இல்லை. மூன்றாவதாக ஒரு தளத்துக்கு ஆப் செய்தால் அதைத் தெரிந்த ஆள் வேண்டும், ஒவ்வொரு முறை வட்டி விகிதப் பக்கத்தை மாற்றும்போதும் அங்கேயும் மாற்ற வேண்டும், பாதுகாப்பு ஓட்டை ஏதாவது வந்தால் அங்கேயும் அடைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் பயன்படுத்தப் போவது எத்தனை பேர் என்று மேனேஜர் கேட்பார். சொல்லுகிற எண்ணைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

உள் கிராமத்துக்கு மினி பஸ் விடுகிற கதைதான். ஏற ஆள் இல்லை என்று பஸ் வராது, பஸ் வரவில்லை என்று ஆட்கள் ஊரைக் காலி செய்துவிட்டு காரைக்குடிக்கே குடிவந்துவிடுவார்கள், அப்புறம் பஸ் விடுவதற்கு இன்னும் காரணம் குறைந்துவிடும். ஆப் இல்லாததால் ஃபோன் விற்காது, ஃபோன் விற்காததால் ஆப் வராது.

பணம் இருந்தால் இந்தச் சுற்றை உடைத்துவிடலாம் என்று தோன்றும். மைக்ரோசாஃப்டிடம் இல்லாத பணமா? 2010-ல் விண்டோஸ் ஃபோன் வந்தது, 2011-ல் நோக்கியாவோடு கூட்டு சேர்ந்தார்கள், 2013-ல் வந்த லூமியா 520 பத்தாயிரத்துச் சொச்ச ரூபாயில் நம் ஊர்க் கடைகளிலும் நன்றாகவே ஓடியது. என் கல்லூரி நாட்களில் கூடப்படித்த இரண்டு பேர் வைத்திருந்தார்கள், ஆண்ட்ராய்டு வைத்திருந்த எங்கள் ஃபோனெல்லாம் திக்கித் திணறும்போது அது வழுக்கிக்கொண்டு போகும், பொறாமையாக இருக்கும். அதே 2013 செப்டம்பரில் நோக்கியாவின் ஃபோன் தொழிலையே வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வரி வழக்கில் மாட்டியிருந்த நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றுபோய், 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்தியது. இங்கிருந்து போய் அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள், அது தனிக் கதை.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஆப்புகள் சில வந்தன, சில பாதியாக வந்தன, ஸ்னாப்சாட் கடைசிவரை வரவே இல்லை. யூடியூபுக்கு கூகுள் சரியான ஆப் தரவில்லை என்று மைக்ரோசாஃப்டே 2013-ல் ஒன்று செய்து போட்டது. அதில் விளம்பரம் வரவில்லை, வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளவும் முடிந்தது, ஆகவே எடுத்துவிடுங்கள் என்றது கூகுள். திருத்திப் போட்டார்கள், மறுபடியும் முடக்கப்பட்டது. அடுத்தவர் கதவை நீங்களே செய்துகொள்ளலாம், பூட்டு அவர் கையில் இருக்கும்வரை பயனில்லை. விண்டோஸ் 10 மொபைலுக்கு 2020 ஜனவரியில் கடைசி அப்டேட் வந்தது. அதற்குச் சில நாள் முன்னால், 2019 டிசம்பர் 31-ஆம் தேதியோடு விண்டோஸ் ஃபோனில் வாட்சப் நின்றுவிட்டது.

வாட்சப் எந்தெந்தத் தளத்தை எப்போது விட்டது என்று பார்த்தாலே ஒரு சுடுகாட்டுப் பட்டியல் கிடைக்கும்: நோக்கியாவின் எஸ்60 சிம்பியன் 2017 ஜூனில், பிளாக்பெர்ரி 10 அதே வருஷம் டிசம்பரில், நோக்கியா எஸ்40 2018 டிசம்பரில். நம் ஊரில் ஒரு ஃபோனுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேறு நாடி பிடிக்கவே வேண்டாம் என்பது என் கணக்கு.

சிலர் வேறு வழி பார்த்தார்கள். புதுக் கதவு செய்ய ஆள் வரவில்லையா, சரி, ஆண்ட்ராய்டுக் கதவே மாட்டுகிற மாதிரி நம் நிலைக்குள் இன்னொரு சட்டத்தை அடித்துவிடுவோம் என்று. பிளாக்பெர்ரி 10 அப்படி ஆண்ட்ராய்டு ஆப்புகளை ஓடவிட்டது. பின்லாந்தின் யோலா கம்பெனி செய்த செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸும் அப்படியே. சாம்சங் 2015 ஜனவரியில் 5,700 ரூபாய்க்கு இங்கே வெளியிட்ட இசட்1, ஆண்ட்ராய்டு இல்லாமல் டைசன் என்ற சொந்தத் தளத்தில் ஓடியது, அதற்கும் ஆண்ட்ராய்டு ஆப்புகளை ஓட்டும் ஒட்டு ஒன்று இருந்தது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள், ஒட்டு நன்றாக வேலை செய்தால், "அதான் ஆண்ட்ராய்டு ஆப்பே ஓடுகிறதே, உங்களுக்குத் தனியாக எதற்கு" என்று யாரும் தனி ஆப் செய்யமாட்டார்கள். ஒட்டு சரியாக வேலை செய்யாவிட்டால் வாங்குகிறவர் திட்டுவார். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தளத்துக்குச் சொந்தமாக ஒன்றும் சேராது.

இன்னொரு சிக்கல், ஆண்ட்ராய்டு என்று நாம் சொல்வதே இரண்டு பாகம். ஒன்று யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய அடிப்படை ஆண்ட்ராய்டு, இன்னொன்று அதன் மேல் கூகுள் உட்கார வைத்திருக்கிற பிளே சர்வீசஸ். மேப், நோட்டிஃபிகேஷன், கூகுள் கணக்கில் நுழைவது எல்லாம் இந்த இரண்டாவதில் இருக்கிறது. 2019 மே மாதம் அமெரிக்கா தடை போட்ட பிறகு ஹுவாவே வெளியிட்ட புதிய மாடல்களில் அடிப்படை இருந்தது, மேல்பாகம் இல்லை. பல ஆப்புகளை எங்கிருந்தாவது இறக்கிப் போட முடிந்தது, ஆனால் மேப் வராது, இல்லை கணக்கில் நுழைய முடியாது. கதவு மாட்டியாகிவிட்டது, தாழ்ப்பாள் மட்டும் இல்லை.

சரி, ஆப் இல்லை. பிரவுசர் இருக்கிறதே?

செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருந்தால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்வாசல் பூட்டியிருந்தால் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போவோம் இல்லையா, பிரவுசர் அந்தப் பின்வாசல். பேங்க்குக்கு ஆப் மட்டுமில்லை, வலைத்தளமும் இருக்கிறது, ரயில் டிக்கெட்டுக்கும் அப்படியே. வலைப்பக்கம் எந்தத் தளத்துக்கென்றும் தனியாகச் செய்யப்படுவதில்லை, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்ற மூன்றும் எல்லாப் பிரவுசருக்கும் பொது. ஆகவே பெயர் தெரியாத ஃபோனாக இருந்தாலும் நல்ல பிரவுசர் ஒன்று இருந்தால் முக்கால்வாசி வேலை நடந்துவிடும். பிடபிள்யூஏ என்று இப்போது சொல்கிறார்களே, முகப்புத் திரையில் ஐகானாக உட்கார்ந்து ஆப் மாதிரியே திறக்கிற வலைப்பக்கம், அது இந்தப் பின்வாசலுக்குக் கொஞ்சம் சாந்து பூசி அழகாக்கியதுதான்.

"நல்ல பிரவுசர்" என்றேனே, அங்கேதான் பிடிக்கிறது. பிரவுசரின் பெயர் வேறு, உள்ளே இருக்கிற இன்ஜின் வேறு. எழுதி வைத்த கோடிங்கை வாங்கி, நீங்கள் பார்க்கிற வலைப்பக்கமாக வரைந்து காட்டுவது இன்ஜின்தான். குரோமில் இருப்பது பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ, சஃபாரியில் வெப்கிட். விண்டோஸ் ஃபோனில் யுசி பிரவுசர் கிடைத்தது, ஆனால் உள்ளே ஓடியது இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் இன்ஜின்தான், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வரவே இல்லை. ஐஃபோனிலும் ரொம்ப காலம் இதே கதை, அதில் நீங்கள் போட்டுக்கொண்ட குரோமும் வெப்கிட்டின் மேல் குரோம் சட்டை போட்டதுதான். 2024 மார்ச்சில் ஐரோப்பியச் சட்டத்துக்குப் பணிந்து அங்கே மட்டும் வேறு இன்ஜினை அனுமதித்தார்கள். ஆகவே கடைக்காரர் "இதில் ஏழெட்டு பிரவுசர் வரும்" என்று சொன்னால், இன்ஜின் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

பின்வாசலிலும் ஆள் பார்த்துத்தான் கதவு திறப்பார்கள். பிரவுசர் ஒரு தளத்துக்குள் நுழையும்போது "நான் இன்னார், இந்த ஃபோனிலிருந்து வருகிறேன்" என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டுத்தான் போகும். அந்த வரியைப் பார்த்துவிட்டு, தெரிந்த பெயர் இல்லையென்றால், பக்கத்தை அந்த ஃபோன் திறக்குமா திறக்காதா என்று சோதிக்காமலே திருப்பி அனுப்புகிற தளங்கள் ஏராளம். 2013 ஜனவரியில் விண்டோஸ் ஃபோனில் கூகுள் மேப் தளத்துக்குப் போனால் தேடல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, சத்தம் போட்ட பிறகு சரிசெய்தார்கள். இப்படி அடிபட்டு அடிபட்டு, 2014-ல் விண்டோஸ் ஃபோன் 8.1-க்கு வந்த அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா, அந்த அறிமுக வரியில் விண்டோஸ் ஃபோன் என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே ஆண்ட்ராய்டு 4.0 என்றும், ஐஃபோன் மாதிரி என்றும், சஃபாரி என்றும் எல்லாப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வைத்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் போனவர் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டு பக்கமும் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு பந்தியில் உட்கார்வது போல. சோறு கிடைத்தது. பல தளங்கள் அதன் பிறகு ஒழுங்காகத் திறந்தன.

நம்மில் கொஞ்சம் வயதானவர்களுக்கு இதற்கும் முந்தைய கதை ஒன்று நினைவிருக்கும். பழைய நோக்கியா ஃபோன்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஃபோனில் தமிழ் எழுத்துரு இல்லை, இருந்தாலும் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் கோர்த்து வரைகிற திறமை இல்லை. அப்போது ஓபரா மினி கைகொடுத்தது. அது பக்கத்தை உங்கள் ஃபோனில் வரையாது, ஓபராவின் சர்வரிலேயே பக்கத்தைப் பிரித்துச் சுருக்கி அனுப்பும். முகவரி இடத்தில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்துக் கடைசிக்குப் போனால், சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி இருக்கும், அதற்கு "யெஸ்" வைத்துவிட்டால் சர்வரே தமிழை வரைந்து படமாக அனுப்பும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், ஆனால் தமிழ் தெரியும். எத்தனை பேருக்கு அந்த "யெஸ்" வைத்துக்கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஃபோனின் இன்ஜின் மட்டமாக இருந்தால் இன்ஜினை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த உபாயம். அதனால்தான் சொந்த இன்ஜினை யாரும் கொண்டுவர முடியாத விண்டோஸ் ஃபோனிலும் 2014-ல் ஓபரா மினி நுழைந்தது.

இப்போது ஆச்சியின் ஃபோனுக்கு வரலாம். கைஓஎஸ்ஸின் பூர்வீகம் ஒரு ஆசையில் ஆரம்பிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் செய்கிற மொசில்லா 2011-ல் ஒரு யோசனையோடு வந்தது: ஃபோனுக்குத் தனியாக ஆப் எதற்கு, பிரவுசர் இன்ஜினையே இயங்குதளமாக்கிவிட்டால் உலகத்தில் இருக்கிற வலைப்பக்கமெல்லாம் ஆப்தானே? மேலே சொன்ன கதவுத் தொல்லையே வேண்டாம், வீடு முழுக்கப் பின்வாசல்தான் என்கிற மாதிரி. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்ற பெயரில் 2013-ல் முதல் ஃபோன்கள் வந்தன. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற ஃபோன் இங்கே 1,999 ரூபாய்க்கு வந்தது. எல்லாம் கொஞ்ச நாள்தான், 2015 டிசம்பரில் ஃபோன் முயற்சியைக் கைவிடுவதாக மொசில்லா அறிவித்துவிட்டது. அந்தக் கோடிங்கை எடுத்து, டச் திரைக்குப் பதிலாகப் பட்டனுக்கு ஏற்றபடி மாற்றியதுதான் கைஓஎஸ். 2017 ஜூலையில் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு அறிவித்த ஜியோஃபோனில் இருந்தது இதுதான், கோடிக்கணக்கில் போனது, அந்தக் கூட்டத்தைப் பார்த்து 2018 செப்டம்பரில் வாட்சப்பும் வந்தது. பஸ்ஸில் ஏற ஆள் இருந்தால் பஸ் வருகிறது, பாருங்கள். அப்புறம் எல்லோரும் டச் ஃபோனுக்கு மாறினார்கள், 2024 ஜூனோடு கைஓஎஸ்ஸின் ஆப் கடையான கைஸ்டோரில் வாட்சப்பைப் புதிதாக இறக்க முடியாமல் போயிற்று.

கைஓஎஸ்ஸில் அதிகம் புழங்கியது 2.5 பதிப்பு. அதில் இருக்கிற இன்ஜின் கெக்கோ 48, அதாவது 2016 ஆகஸ்டில் வந்த ஃபயர்ஃபாக்ஸில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் தானாக அப்டேட் ஆகிக்கொண்டே போகும், இதில் இன்ஜின் இயங்குதளத்தோடு ஒட்டியது, ஃபோன் கம்பெனி அனுப்பினால்தான் உண்டு. யாரும் அனுப்பவில்லை. ஆகவே ஆச்சி 2016-லேயே நிற்கிறார், வலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று என் பக்கம் ஏன் வெளுத்துப்போனது என்று அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் தேடினேன். அரைமணி நேரம் கழித்து அகப்பட்டது. நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்டில் ஒரு இடத்தில் ஒரு கேள்விக்குறியும் அதை ஒட்டி ஒரு புள்ளியும் இருந்தன. "இந்தப் பொருளுக்கு விலை என்று ஒன்று இருந்தால் எடு, இல்லாவிட்டால் பேசாமல் இரு" என்று சொல்வதற்கான சுருக்கக் குறி அது. ஃபயர்ஃபாக்ஸுக்கு இந்தக் குறி புரிய ஆரம்பித்தது 2020 மார்ச்சில் வந்த 74-ஆம் பதிப்பில். 48-க்கு அது உளறல். உளறலான அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை ஓட்டும் என்று நினைக்காதீர்கள், இலக்கணம் புரியாத ஒரு குறியைக் கண்டால் அந்த ஃபைல் முழுவதையும் இன்ஜின் தூக்கி எறிந்துவிடும். நானோ பலகாரப் பட்டியல், படம், விலை எல்லாவற்றையும் அந்த ஒரே ஃபைல்தான் வரைந்து காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். தேன்குழல் முதல் அதிரசம் வரை அத்தனையும் ஒரு கேள்விக்குறியோடு போய்விட்டது.

அதாவது தப்பு ஃபோனுடையதும் இல்லை, கைஓஎஸ்ஸுடையதும் இல்லை. பேங்க்காரர் கதவு செய்யவில்லை என்று குறைசொல்லிக்கொண்டிருந்த நான் பின்வாசலை அடைத்து வைத்திருந்தேன். இப்படி யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நம்மிடம் இருக்கிற ஃபோனில் திறந்தால் எல்லோருக்கும் திறந்த மாதிரி என்று நினைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

வெள்ளைத் திரை ஒரு ரகம் என்றால், "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று சிவப்பாகப் பயமுறுத்துவது இன்னொரு ரகம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தளமும் நான்தான் அசல் என்று ஒரு சான்றிதழைக் காட்டும், தாசில்தார் முத்திரை மாதிரி அதில் ஒரு முத்திரை இருக்கும். எந்தெந்த முத்திரையை நம்பலாம் என்ற பட்டியலை ஃபோன் கையில் வைத்திருக்கும். அப்டேட் நின்றுபோன ஃபோனில் அந்தப் பட்டியலும் நின்றுபோகும். கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் பயன்படுத்திவந்த பழைய முத்திரை ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, பழைய கருவிகள் பலவற்றில் ஒரு குற்றமும் செய்யாத தளங்கள் திறக்காமல் போயின. பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் சொன்ன யோசனைகளில் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்பது. அது முத்திரைப் பட்டியலைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது, ஃபோனுடையதை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் இவ்வளவு தூரம் யோசிப்பதற்கு முன்னால் ஃபோனில் தேதியைப் பாருங்கள். ஆச்சி ஒருமுறை பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டியதில் தேதி பல வருஷம் பின்னால் போய்விட்டது, "இன்னும் பிறக்காத சான்றிதழ்" என்று ஒரு தளமும் திறக்கவில்லை. தேதியை மாற்றியதும் எல்லாம் சரி. அதற்கு எனக்கு ஒரு டம்ளர் காபி கிடைத்தது.

ஆகவே பழைய செட்டோ, பேர் தெரியாத புது செட்டோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போனால், ஸ்டோரில் எத்தனை லட்சம் ஆப் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அது உங்களுக்குத் தேவையில்லாத எண். உங்களுக்கு வேண்டியது மூன்றோ நாலோதான் இருக்கும், பேங்க், டிக்கெட், வாட்சப், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து ஆப். கடையிலேயே அந்த ஃபோனை வாங்கி ஸ்டோரில் அவற்றின் பெயரை அடித்துத் தேடுங்கள். கிடைத்தால் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள், இரண்டு மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுதான். ஒரே மாதிரி ஐகான் போட்ட பேர்தெரியாத ஆப்பை, அதுவும் பேங்க் விஷயத்தில், தொடவே வேண்டாம். கிடைக்காததைப் பிரவுசரில் திறந்து பாருங்கள், முதல் பக்கம் திறப்பது பெரிய விஷயமில்லை, லாகின் பண்ணி ஓடிபி அடித்து உள்ளே போகிறதா என்பதுதான் பரீட்சை.

பணம் அனுப்புவதற்கு மட்டும் பட்டன் ஃபோன்காரர்களுக்கு வேறு வழி உண்டு. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஒரு எண்ணுக்கு ஃபோன் போட்டு, குரல் சொல்கிறபடி எண்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஆப்பும் வேண்டாம், பிரவுசரும் வேண்டாம், இணையமே வேண்டாம். ஆச்சிக்கு இதைச் சொன்னபோது சந்தேகமாகத்தான் பார்த்தார், இன்னும் அவர் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரில்தான் போகிறார்.

என் பக்கத்தைத் திருத்திவிட்டேன். புதுக் குறிகளைப் பழைய நடைக்கு மாற்றித் தரும் பேபல் என்ற கருவி ஒன்று இருக்கிறது, அதற்கு எந்த வருஷத்துப் பிரவுசர் வரை பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லலாம், நான் அதில் புதுப் பிரவுசர்களை மட்டும் சொல்லியிருந்தேன். பட்டியலையும் விலையையும் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே தெரிகிற மாதிரி நேராகப் பக்கத்தில் எழுதினேன், தொகையைக் கூட்டுகிற வேலையை சர்வரில் விட்டேன். ஆச்சி ஃபோனில் இப்போது படங்கள் இரண்டு இரண்டாக வரிசை கட்டுவதில்லை, அந்த வசதியும் அந்த இன்ஜினுக்குத் தெரியாது, ஒன்றன்கீழ் ஒன்றாக நீளமாக வருகிறது. முள்ளை நகர்த்தி நகர்த்தி அரைக் கிலோ சீப்புச்சீடைக்கு ஆர்டர் போட்டுவிட்டார், கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் கடைக்காரருக்கு அவரிடமிருந்து ஃபோன்.

"சீட இன்னைக்குச் சுட்டதா, நேத்துச் சுட்டதா?"

அதற்கு நான் கட்டம் வைக்கவில்லை. இந்த வாரம் வைக்க வேண்டும்.